காதுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி அடிவாரத்தில் பம்பைக்காரர் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அடி விழுந்ததும் விலா அதிரும், அடுத்து அடிவயிறு, காது மூன்றாவதுதான் என்று தோன்றும். சரவணப் பொய்கையில் முழுகிய ஈர வேட்டியோடு ஒருவர் புஷ்பக் காவடியைத் தோளில் ஏற்றிக் கால் மாற்றி வைக்கத் தொடங்குகிறார். எதிரே பம்பை, பக்கத்தில் உடுக்கை, கைச்சிலம்பு. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை முழவுதான் பம்பை. ஒன்று மரம், மற்றது பித்தளை. அதனால் இதுதான் அசல் மெட்டல் பேண்டு என்பான் என் அண்ணன் மகன். பொறியியல் படிக்கிறான், கிட்டார் வாசிக்கிறான், ஹெவி மெட்டல் என்றால் சோறு வேண்டாம்.

அன்று அவன் போனில் முக்கால் நிமிடம் பதிவு செய்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் ஒரு சத்தம். கூட்டத்தின் அரோகரா மட்டும் தெளிவாக இருந்தது. பம்பையைக் காணோம்.

சில மாதம் கழித்து நண்பர்களோடு காட்பாடி வழியாக ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், தான் வருடக்கணக்காகக் கேட்ட ஒரு பேண்டை முதல்முறை நேரில் பார்த்துவிட்டு வந்தான். தொண்டை கட்டியிருந்தது. "செம சித்தப்பா. ஆனா ஆல்பத்துல கேட்ட மாதிரி இல்ல. கிட்டார் மெலிஞ்சு போச்சு. பாட்டெல்லாம் ஓட்டமா ஓடுது."

அடிவாரத்தில் நேரில் கேட்டது பெரிது, பதிவு சோனி. பெங்களூரில் பதிவு பெரிது, நேரில் கேட்டது மெலிவு. ஒரே பையன், ஒரே ஜோடிக் காது. இரண்டு குறையும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

போனிலிருந்து தொடங்கலாம். அதில் உள்ள மைக் அரிசி அளவுகூட இருக்காது. பேச்சுக்காகச் செய்தது. ஒலி 120 டெசிபலை ஒட்டி வந்தால் அது திணறிவிடும். அலையின் மேடு பள்ளங்களை அப்படியே எழுத முடியாமல், மேட்டின் தலையைச் சீவித் தட்டையாக்கிவிடும். பக்கத்தில் அடிபடும் முழவின் உச்சம் அந்த எல்லையை எளிதில் தொடும். போதாததற்கு, போனுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. சத்தம் பெரிதாக வந்தால் உடனே குறைக்கும், சின்னதானால் ஏற்றிவிடும். பம்பை அடி விழுந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. அதோடு சிலம்பும் அமுங்குகிறது. அடிக்கும் அடிக்கும் நடுவே கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கி நிறுத்துகிறது. பெரியதும் சிறியதும் ஒரே உயரம் ஆகிவிடுகின்றன. பிறகு அதே போனின் ஸ்பீக்கரில் கேட்கிறோம். அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. பம்பையின் உடம்பே அங்கேதான் இருக்கிறது.

நல்ல மைக்கும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் சரியாகிவிடுமா? பாதிதான் சரியாகும். மீதிப் பாதி கருவியில் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது.

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்கள். காது எல்லாச் சுருதியையும் ஒரே நியாயத்தோடு கேட்பதில்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளை அது ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு சத்தமாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் 70 டெசிபலுக்கு மேல் வேண்டும். முப்பதுக்கும் அதிகமான இடைவெளி. சத்தத்தை 100 டெசிபல் பக்கம் ஏற்றினால் அந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் ஆற்றலில் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். ஆகவே, ஒரே பாட்டை மெதுவாக வைத்தால் ஒரு பாட்டு, சத்தமாக வைத்தால் வேறு பாட்டு. தரத்தில் சிறிதும் குறையாமல் பதிவு செய்த பம்பையையே இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்குத் தொல்லை இல்லாமல் கேட்டால், அடிப்பாகம் காணாமல் போவது காதின் வேலைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் உள்காதில் கேட்பதற்கென்று நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதற்குப் பக்கத்திலேயே, உடம்பின் சாய்வையும் அசைவையும் உணர்வதற்கென்று சில சிறு பைகள். தூளியில் ஆடும்போதும் ராட்டினத்தில் இறங்கும்போதும் வயிற்றைக் கலக்கும் உணர்வுக்கு இந்தப் பக்கம்தான் பொறுப்பு. அந்தப் பைகளில் ஒன்று, சத்தம் சுமார் 90 டெசிபலைத் தாண்டினால் தாழ்ந்த ஒலிக்கும் பதில் சொல்லத் தொடங்குகிறது என்று நீல் டாட், ஃபிரெட்ரிக் கோடி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதினார்கள். நடன அரங்கின் பேரொலியில் மக்கள் தேடிப்போகும் இன்பத்துக்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். ஊகம்தான், முடிவான தீர்ப்பு இல்லை. ஆனால் அடிவாரத்தில் நிற்கும்போது நான் அதை நம்பிவிடுகிறேன். காதில் ஹெட்போன் மாட்டி எவ்வளவு ஏற்றினாலும் விலா அதிராது. நெஞ்சுக்கூட்டையும் தரையையும் ஆட்டுவதற்குக் காற்றை மொத்தமாகத் தள்ள வேண்டும்.

(தள்ளலாம், விலையும் உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நிகழ்ச்சி அரங்குகளில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. கச்சேரிக்குப் போகிற பிள்ளைகள் காதடைப்பான் வைத்துக்கொண்டால் மானம் ஒன்றும் போய்விடாது.)

இனி பெங்களூர்க் குறை. கிட்டார் ஏன் மெலிந்தது?

ஆல்பத்தில் அவன் கேட்டது ஒரு கிட்டாரே இல்லை. ஸ்டூடியோவில் ஒரே வாசிப்பை ஒரே ஆள் இரண்டு முறை வாசிப்பார். ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் வைப்பார்கள். சில பேண்டுகள் நான்கு முறை வாசிப்பார்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் பலன் இல்லை, மூளை அதை நடுவில் ஒற்றையாகக் கேட்டுவிடும். இரண்டு வாசிப்புக்கும் நடுவே சில மில்லிசெகண்ட் பிசகு, கம்பியை அழுத்துவதில் மயிரிழை வித்தியாசம். அந்தப் பிசகுதான் சுவர் மாதிரி அகலத்தைத் தருகிறது. நம் ஊர்ப் பஜனையில் பத்துப் பேர் சேர்ந்து பாடினால் குரல் பருத்துக் கேட்பது இதே கணக்கு. மேடையிலோ அவருக்கு இரண்டே கை. சுவருக்குப் பதில் ஒரு தூண் நிற்கிறது. அவர் தனியாக ராகத்தை இழுக்கத் தொடங்கினால், அதுவரை அடியில் ஓடிய தாள வாசிப்பும் நின்று அந்த இடத்தில் பள்ளம் விழும். அயர்ன் மெய்டன் பேண்டில் 1999 முதல் மூன்று கிட்டார்க்காரர்கள். 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோதும் மூன்று பேர்தான். மூன்று பேர் எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்ப அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. மற்ற பலர், முன்பே பதிந்த வாசிப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து பின்னால் ஓடவிடுகிறார்கள்.

டிரம்ஸும் அப்படித்தான். காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் ஒலி, உறுமும் கிட்டாருக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் பதிவில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டக்'கைக் கூர்மையாகத் தூக்கிவிடுவார்கள். பல நேரம் முன்பே பதிந்து வைத்த நல்ல அடி ஒன்றை எல்லா அடிக்கும் மேலே ஒட்டிவிடுவார்கள். பிசகிய அடிகளை நகர்த்திக் கட்டத்துக்குள் உட்கார வைப்பார்கள். கேட்டால் மனிதன் அடித்தது போலவும் இருக்கும், மனிதனால் முடியாதது போலவும் இருக்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஹெவி மெட்டலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட பிளாக் சபாத், தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே மைக் முன் வாசித்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பேண்டின் கிட்டார்க்காரர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது பதினேழு வயதில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். இடக்கைக்காரர் ஆதலால் கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செய்துகொண்டார். பிறகு, விரல் வலிக்காமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். மெட்டலுக்கே உரிய அந்த அடிவயிற்றுக் குரலில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்தில் பதிவுக்கும் மேடைக்கும் பெரிய தூரம் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் தூரம் விழுந்தது. 1987-ல் வந்த டெஃப் லெப்பர்டின் ஹிஸ்டீரியா ஆல்பத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் பிடித்தது, அடுக்கு மேல் அடுக்கு. அதிலிருந்து பதிவுதான் மூலம், மேடை அதன் நகல் என்று ஆகிவிட்டது. ரசிகன் ஆயிரம் முறை பதிவைக் கேட்டுவிட்டு மைதானத்துக்கு வருகிறான். அவன் தலைக்குள் ஏற்கெனவே ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருக்கிறது. மேடையில் இருப்பவர்கள் அதோடு போட்டி போட வேண்டும். நம் பம்பைக்கு அந்தத் தொல்லை இல்லை, தெருவில் அடிப்பதுதான் அங்கே மூலம். முத்துசாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது திருத்தணி மலையில்தான் என்பது மரபு. அவர் மறைந்தது 1835-ல், எடிசன் ஒலியைப் பதிந்தது 1877-ல். தீட்சிதர் பாடியது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டு, இன்று பாடுகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. பாடகர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

மேடைக்குப் பதிவு மீது உள்ள பொறாமை எதுவரை போகும் என்பதற்கு 1979-ல் வந்த ஜூடாஸ் பிரீஸ்டின் ஆல்பம் ஒன்று சாட்சி. டோக்கியோவில் நேரடியாகப் பதிந்தது என்று வெளியிட்டார்கள். குரல் கெட்டுப்போயிருந்ததால் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு ஸ்டூடியோவில் மறுபடி பாடினார் என்பது பிறகு தெரிந்தது. ரசிகர்கள் அந்த ஆல்பத்தின் பெயரையே 'ஸ்டூடியோவில்' என்று முடியும்படி மாற்றிக் கிண்டல் செய்தார்கள். எதிர்ப்பக்கத்திலும் கூத்து நடந்தது. 2008-ல் மெட்டாலிக்காவின் டெத் மேக்னடிக் ஆல்பம், மேடையின் சத்தத்தைக் குறுந்தகட்டுக்குள் திணிக்கப் பார்த்தது. சிறிய ஒலிகளை ஏற்றி, பெரிய ஒலிகளின் தலையைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரசிகர்களே எதிர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வீடியோ விளையாட்டுக்குள் இருந்த அதே பாடல்கள் அதைவிடத் தெளிவாக இருந்ததைக் கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். என் அண்ணன் மகனின் போன் பம்பைக்குச் செய்ததைக் காசு கொடுத்துச் செய்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

மேடையில்தான் ஏற்ற இறக்கம் அதிகம் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு ஸ்வீடனிலிருந்து ஓபெத் வந்தார்கள். உறுமலுக்கு நடுவே திடீரென்று ஒற்றைக் கிட்டார் மீட்டலுக்கு இறங்குவது அவர்கள் பாணி. வீட்டில் அந்த இடத்தில் விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடி இருக்கும்போது கூட்டத்தின் இரைச்சல்தான் தரை. அந்தத் தரைக்குக் கீழே எது வாசித்தாலும் மண்ணுக்குள் போய்விடும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒலி செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் போகும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டார்க்காரருக்கு டிரம் அடி 29 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். நிமிடத்துக்கு 200 தாளக்கணக்கில், தாளம் ஒன்றுக்கு நான்கு மிதி மிதிக்கும் டிரம்காரருக்கு இரண்டு மிதிக்கும் நடுவே இருப்பது 75 மில்லிசெகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகினால் சேர்ந்து வாசிக்க முடியாது. காதுக்குள் செருகும் கருவி இதற்கும் உதவுகிறது. மைதானத்தில் 70 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு ஒலி ஐந்தில் ஒரு செகண்ட் கழித்து வரும். அங்கே தனி ஸ்பீக்கர் வைத்தால், அதை அதே அளவு தாமதிக்க வைக்க வேண்டும். திருவிழாவில் நம் மைக்செட்காரர்கள் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அவை எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். பக்கத்துக் கம்பம் முதலில், அடுத்த கம்பம் பிறகு, அதற்கடுத்தது இன்னும் பிறகு என்று நம் காதில் வந்து விழும். 'காணாமல் போன குழந்தை' அறிவிப்பில் குழந்தையின் பெயர் மட்டும் யாருக்கும் புரியாமல் போவது அதனால்தான். அதே ஸ்பீக்கர், பின்னிரவில் தூரத்துக் கிராமத்தில் கணீரென்று கேட்பதும் உண்டு. தரை குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றும் நிற்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கிவிடும்.

வெறும் மைதானத்தில் ஒலி சரிபார்த்துவிட்டுப் போனால், மாலையில் மனித உடம்புகளும் துணிகளும் வந்து உச்ச ஒலிகளைக் குடித்துவிடுகின்றன. மேடை விளக்குச் சூட்டில் எஃகுக் கம்பி நீண்டு சுருதி இறங்குகிறது. நம் நாகசுரத்துக்கு நேர்மாறு. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் காற்று சூடேறினால், குழலின் சுருதி அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும்.

பாட்டு ஓட்டமாக ஓடியதற்கு வருகிறேன். பயமும் உற்சாகமும் சேர்ந்தால் நாடி துடிக்கிறது, தாளம் அதன் பின்னால் போகிறது. எதிரே கூட்டம் குதிக்கிறது, அதைப் பார்த்து டிரம்காரர் ஏறுகிறார், அதைக் கேட்டுக் கூட்டம் இன்னும் ஏறுகிறது. மெட்டல் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுழலும் கூட்டத்தை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இடித்துக்கொள்ளும் கூட்டத்தில் ஆட்களின் வேகங்களைக் கணக்கிட்டால், ஜாடிக்குள் அடைத்த வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவலைப் போலவே இருந்ததாம். சில நேரம் அதே கூட்டம் வட்டமாக ஓடத் தொடங்கும். அப்படி ஓடும் வட்டங்களில் நூற்றுக்குச் சுமார் 95 கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகின்றனவாம். நம் கணக்கில் அப்பிரதட்சிணம்! கிருத்திகைக் கூட்டத்தில் நெரிசலில் மாட்டி, நம் கால் தரையில் படாமலே பத்தடி நகர்ந்தவர்களுக்கு வாயுக் கணக்கு புரியும். திசை மட்டும் இங்கே சாமி வைத்த சட்டப்படி.

டெல்லியின் பிளடிவுட் பேண்டு பஞ்சாபி டோலை மெட்டலோடு சேர்த்தது. 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழா வரை போனார்கள். முதலில் வீட்டு ஸ்டூடியோவில் சில பேர் செய்த வேலை, மேடைக்கு டிரம்காரர், டோல்காரர் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போனது. அதைப் பார்த்த நாள் முதல் என் அண்ணன் மகனுக்கு ஒரே பிடிவாதம். பம்பையை ஒழுங்காகப் பதிய வேண்டும்.

போன மாசியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஏற்பாடு. சுவரெல்லாம் கம்பளி, மரப் பம்பைக்கு ஒரு மைக், பித்தளைக்கு ஒன்று, அறையின் மூலையில் ஒன்று. ஆடிக்கு அடிக்கும் பெரியவர் வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். காதில் ஹெட்போன் மாட்டிக் கம்ப்யூட்டர் தாளத்தை ஓடவிட்டோம். ஒரு நிமிடம் அடித்துவிட்டுக் கழற்றினார்.

"இன்னா தம்பி இது, டக்கு டக்குனு ஒரே மாதிரியே போவுது? ஆடறவன் காலு இப்படியா போவும்?"

தாளத்தை நிறுத்திவிட்டு, அவர் போக்கிலேயே அடிக்கச் சொன்னோம். தொடங்கினார். கை தயங்கியது. வேகம் ஏற வேண்டிய இடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"எதுக்கால யாருமே இல்லியே தம்பி. நான் எந்தக் காலப் பாத்து ஏத்தறது?"

அண்ணன் மகன் என்னைப் பார்த்தான். எனக்கு முழங்கால் வலி. அவனே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் முன்னால் நின்றான். தலையணை ஒன்றைக் காவடியாகத் தோளில் வைத்துக்கொண்டான். பெரியவர் அவன் காலைப் பார்த்தபடி அடிக்கத் தொடங்கினார். இந்த முறை நிற்கவில்லை. நான்கு நிமிடம் ஓடியது, கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டும்வரை.

அந்தப் பதிவை இப்போதும் வைத்திருக்கிறான். நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால் பம்பைக்கு நடுவே தப் தப்பென்று வேறொரு ஓசை ஓடுவது கேட்கும், அடிக்கு ஒரு மயிரிழை முன்னால். மூன்று மைக்கிலும் விழுந்திருப்பதால் அதைத் தனியாக எடுக்க முடியவில்லை. அது அவன் கால்.